போலீஸ் கொலையைத் துப்புத் துலக்க வடசென்னைக் கும்பலுக்குள் மாறுவேடத்தில் போக முடியுமா?

நாவல் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வடசென்னையில் ஒரு போலீஸ் அதிகாரி கொலை செய்யப்படுகிறார். கொலையாளியைக் கண்டுபிடிக்க இன்னொரு போலீஸ்காரர் ரவுடிக் கும்பலில் ஆளாகச் சேர்கிறார். நிஜத்தில் இப்படி நடக்குமா? நடந்தால் வழக்கு நிற்குமா?"

நான் பிறந்து வளர்ந்தது வண்ணாரப்பேட்டை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களிலும் உயர் நீதிமன்ற வளாகத்துச் செஷன்ஸ் நீதிமன்றங்களிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வழக்காடி வருகிறேன். கேள்வி என் வாழ்க்கைக்கு மிக அருகில் இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

போலீஸ்காரர் வெளியிலிருந்து உள்ளே போவது அநேகமாக நடக்காது. ஏற்கெனவே உள்ளே இருப்பவன் ஒருவன் வெளியே வந்து பேசுவதுதான் நடக்கிறது. அவனைத்தான் ஸ்டேஷனில் இன்பார்மர் என்கிறார்கள். உங்கள் கதையின் நாயகன் போலீஸ்காரராக இருக்கலாம். ஆனால் உயிரைப் பணயம் வைப்பவன் அந்த இன்பார்மராகத்தான் இருப்பான்.

கும்பல் என்றால் ஆள் எடுக்கும் கம்பெனி போல நினைத்துக்கொள்கிறோம். வேலை கேட்டுப் போய், தைரியத்தைக் காட்டி, தலைவனின் நம்பிக்கையைப் பெறலாம் என்று தோன்றுகிறது. இங்கே கும்பல் அப்படி உருவாவதில்லை. ஒரே தெரு, ஒரே மாநகராட்சிப் பள்ளி, ஒரே கேரம் கிளப், பிறகு புழல் சிறையில் ஒரே பிளாக். ஒருவனின் அக்காவை இன்னொருவன் கட்டியிருப்பான். தகராறுகூடப் பெரும்பாலும் ஒரு சாவு ஊர்வலத்திலோ கோயில் திருவிழாவிலோ தொடங்கியதாகத்தான் இருக்கும். அதன் பழிக்குப் பழிதான் பத்து வருடம் ஓடும்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் முடிந்து, ஐஸ் போட்ட பெட்டிகள் வண்டி ஏறிய பிறகு, அங்கே ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். புதிதாக வந்தவனை யாரும் முறைக்க மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள். "எந்தத் தெரு தம்பி?" என்று கேட்பார்கள். சொன்னால், "அங்கே யார் வீடு?" என்பார்கள். அதற்கும் பதில் தயாராக இருந்தால், "அப்படியா, அந்த முனை வீட்டு ஆயா நன்றாக இருக்கிறார்களா?" என்று அன்பாக விசாரிப்பார்கள். அந்த ஆயா இறந்து நான்கு வருடம் ஆகியிருக்கும். "நன்றாக இருக்கிறார்கள்" என்று சொன்னவன் அந்தக் கடைக்கு மறுநாள் வர முடியாது. எந்தக் காவல் பயிற்சிப் பள்ளியிலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லித்தர மாட்டார்கள்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை எல்லாம் உழைப்பாளிகள் கட்டிய பகுதிகள். துறைமுகம், ரயில்வே, பின்னி ஆலை ஆகிய மூன்றும்தான் இந்தப் பக்கத்துக்குச் சோறு போட்டன. 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டபோது என் தெருவிலேயே எத்தனையோ வீடுகளில் மாதச் சம்பளம் என்பதே இல்லாமல் போனது. கஷ்டத்தில் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ஊரில், யார் வீட்டில் யார் பிறந்தார், யார் இறந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த நெருக்கத்தைத்தான் ஒரு சிறு கும்பல் தனக்கு அரணாகப் பயன்படுத்திக்கொள்கிறது. தம்பி, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். லட்சக்கணக்கானோர் வாழும் பகுதியில் கத்தி தூக்குபவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். மிச்சம் பேர் அவர்களுக்குப் பயந்து வாழ்பவர்கள்.

அந்நியன் நின்றால் கண்ணை உறுத்தாத இடங்களும் இங்கே உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மீன் ஏலத்தில் வெளியூர் வியாபாரிகள் கூடும் நேரத்தில், காயலான் கடைகளில், மின்ட் பக்கத்து மொத்த வியாபாரத் தெருக்களில் ஒரு போலீஸ்காரர் மப்டியில் இரண்டு மூன்று நாட்கள் நிற்கலாம். யார் வருகிறார், எந்த வண்டி, எந்த நேரம் என்று பார்த்துக்கொள்ளலாம். தனிப்படையினர் செய்வது இதைத்தான். வேவு பார்ப்பது வேறு, கும்பலில் ஆளாவது வேறு.

இப்போது கொலைக்கு வருவோம். இறந்தவர் போலீஸ் என்றால், உள்ளே நுழைய அதைவிட மோசமான நேரம் கிடையாது. அன்று இரவே வட்டாரத்தில் சரித்திரப் பதிவேட்டில், அதாவது ஸ்டேஷன் வைத்திருக்கும் ரவுடிப் பட்டியலில் உள்ளவர்கள் அத்தனை பேரையும் ஸ்டேஷனுக்கு அழைத்துவிடுவார்கள். சம்பந்தமே இல்லாதவன்கூடச் சொந்தக்காரர் வீட்டுக்கு, வெளி மாவட்டத்துக்கு ஓடிவிடுவான். கும்பல் புது ஆளைச் சேர்க்காது, பழைய ஆளையே சந்தேகப்படும். ஓரிரு நாளில் ஏதோ ஒரு தூரத்து ஊர் நீதிமன்றத்தில் நான்கு பேர் வக்கீலுடன் வந்து சரணடைவார்கள். அவர்களில் உண்மையாகவே அரிவாள் பிடித்தவன் எவன், பணத்துக்காகவோ பயத்துக்காகவோ பெயர் கொடுத்தவன் எவன் என்பதுதான் விசாரணை அதிகாரிக்குத் தலைவலி.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கொன்றது கும்பல்தானா? 2021 நவம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ஆடு திருடியவர்களைத் துரத்திப் போய்க் கொல்லப்பட்டார். ஓரிரு நாளில் பிடிபட்டவர்கள் 19 வயது இளைஞர் ஒருவரும் இரண்டு சிறுவர்களும். பெரிய ரவுடிகள் யாருமே இல்லை. 2017 டிசம்பரில் கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தான் சென்ற இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். கொள்ளையர்கள் சுட்டுவிட்டார்கள் என்றுதான் தமிழ்நாடே கலங்கியது. பிறகு ராஜஸ்தான் போலீஸ் விசாரணையில், உடன் சென்ற அதிகாரியின் கையில் இருந்த துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு அது என்று தெரிந்தது. 2020 ஜனவரி 8ஆம் தேதி களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுடப்பட்டதோ முற்றிலும் வேறு வகை. தீவிரவாத வழக்காகித் தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. மூன்றிலும் எந்தத் திசையில் பார்ப்பது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. ரவுடி என்று முடிவு கட்டிவிட்டு ஆளை உள்ளே அனுப்பினால், அவன் ஆறு மாதம் தவறான வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான்.

சரி, அசாத்தியத் திறமையுள்ள ஒருவர் உள்ளே போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு இரவு, குடித்துக்கொண்டிருக்கும்போது கொலையாளி வாய் திறக்கிறான்: "அந்த இன்ஸ்பெக்டரை வெட்டியது நான்தான்." உங்கள் நாவலின் உச்சக்கட்டம் அநேகமாக இதுவாக இருக்கும். நம் ஊர் நீதிமன்றத்தில் அந்த வாக்கியத்துக்கு மதிப்பு கிடையாது.

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தில் அதுவே 23ஆவது பிரிவு. "கேட்பவர் போலீஸ் என்று தெரிந்து சொன்னால் மட்டும்" என்ற நிபந்தனை அதில் இல்லை. லுங்கி கட்டியிருந்தாலும் அவர் போலீஸ்தான். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன்களில் அடித்து வாங்கிய வாக்குமூலங்களைப் பார்த்துத்தான் இந்தத் தடையைப் போட்டார்கள். இந்தத் தடை இல்லாவிட்டால் என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருப்பார்கள். ஆகவே இதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளுக்கு நேராக வழிகாட்டிய வார்த்தைகள் மட்டும் சாட்சியமாகும். "வெட்டினேன், கத்தியைக் கால்வாய் ஓரத்தில் பாலத்துக்குக் கீழே போட்டேன்" என்பதில் கத்தி கிடக்கும் இடம் செல்லும், வெட்டினேன் என்பது செல்லாது. பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்தும் கேப்டன் காட்டன் கால்வாயிலிருந்தும் எடுக்கப்பட்ட துருப்பிடித்த அரிவாள்களை எத்தனையோ முறை நீதிமன்ற மேசையில் பார்த்திருக்கிறேன். குறுக்கு விசாரணையில் நான் முதலில் கேட்பது, பொருளைக் கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சி அந்த இடத்துக்கு உண்மையிலேயே போனாரா என்பதுதான். பல வழக்குகள் அந்த ஒரு கேள்வியில் உடைந்திருக்கின்றன.

வெளிநாட்டில் கதை வேறு. ஜோசப் பிஸ்டோன் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி 1976 முதல் 1981 வரை நகைத் திருடனாக வேடமிட்டு நியூயார்க் பொனானோ மாஃபியா குடும்பத்துக்குள் வாழ்ந்தார். 200க்கும் மேற்பட்டோர் மீது குற்றச்சாட்டுப் பதிவானது, 100க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். அங்கே அவர் நேரடியாகக் கேட்டதைக் கூண்டில் ஏறிச் சொல்ல முடிந்தது. அவர் இத்தாலிய வம்சாவளி என்பதையும் கவனியுங்கள். அந்த மண்ணின் பேச்சும் பழக்கமும் தெரியாமல் அவராலும் முதல் வாரத்தைத் தாண்டியிருக்க முடியாது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான வழக்கு கனடாவில் நடந்தது. 2005 மார்ச் 3ஆம் தேதி, ஆல்பர்ட்டா மாகாணத்தில் மேயர்தார்ப் அருகே நான்கு போலீஸ்காரர்களை ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போனான். அவனுக்குத் துப்பாக்கி கொடுத்து, வண்டியில் கொண்டுபோய் விட்டவர்கள் யார் என்பதை நிரூபிக்க முடியவில்லை. அப்போது போலீஸ் நிஜக் கும்பலுக்குள் நுழையவில்லை. தானே ஒரு போலிக் கும்பலை உருவாக்கி, சந்தேக நபரை அதில் சேர்த்துக்கொண்டது. நண்பர்கள் என்று நம்பி அவர் பேசினார். 2007இல் இருவர் கைதானார்கள், 2009இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 2014இல் வேறொரு வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இப்படிப் பெறும் வாக்குமூலத்தை முதலில் செல்லாது என்றே கருத வேண்டும், செல்லும் என்பதை அரசுத் தரப்புதான் நிறுவ வேண்டும் என்று சொல்லிவிட்டது. பணமும் நட்பும் காட்டினால், செய்யாதவனும் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளச் "செய்தேன்" என்பான். லண்டனில் 1992இல் ரேச்சல் நிக்கல் கொலை வழக்கில் ஒரு பெண் போலீஸைக் காதலி போல நடிக்க வைத்து ஓர் அப்பாவியைச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். 1994இல் நீதிபதி அதைத் தூக்கி எறிந்தார். உண்மையான கொலைகாரன் 2008இல்தான் ஒப்புக்கொண்டான். இந்த நாவலை எழுதும் முன் அந்த வழக்கைப் பற்றிப் படியுங்கள்.

நம் தமிழ்நாட்டில் ஊடுருவல் பலித்ததற்குப் பெரிய உதாரணம் வீரப்பன். 2004 அக்டோபர் 18ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அவர் ஏறி வந்த ஆம்புலன்சின் டிரைவரே அதிரடிப்படைப் போலீஸ்காரர். அதற்குப் பின்னால் நீண்ட காலத் தயாரிப்பு இருந்தது. ஆனால் அந்த இரவு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. நீதிமன்றத்தில் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. போலீஸ் கொலை வழக்குகளில் என் மனதை அரிப்பது இதுதான். துறைக்குள் கொந்தளிப்பு அதிகமாக இருக்கும்போது, ஊடுருவிக் கிடைத்த தகவல் வழக்கு நடத்துவதற்கு அல்ல, ஆளை முடிப்பதற்கே பயன்படும் ஆபத்து உண்டு. என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றையும் தனி விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் விதிமுறைகள் வகுத்தது. இருந்தாலும், சுடப்பட்டவன் செத்துவிட்டால், கொல்லச் சொன்னவன் யார் என்ற கேள்விக்கு விடை அவனோடு போய்விடும். இறந்த அதிகாரியின் மனைவிக்கு அந்த விடை கடைசிவரை கிடைக்காது.

இன்னொரு முடிச்சு: உள்ளே போகும் போலீஸ்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. கும்பல் அவரைச் சோதித்துப் பார்க்கும். "நீயும் ஒரு வெட்டு வெட்டு" என்பார்கள். வெட்டாமல் கூட நின்றாலே, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 190ஆவது பிரிவு பாயும். சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்தில் ஒருவர் செய்தது எல்லோர் தலையிலும் விழும். கடமையாகத்தான் நின்றேன் என்று சொல்லித் தப்பிக்க, மாறுவேடப் பணிக்கென்று தனிச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை.

இப்போது இன்பார்மர். பல வருடங்களுக்கு முன் ஒரு மழை நாள் இரவு ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஐஸ் உடைக்கும் வேலை. விரல்கள் வெளுத்து, நகக்கண் எல்லாம் வெடித்திருந்தன. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், சுவரோரம் நின்றார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். "சார், என்னைக் குண்டர் சட்டத்தில் போடப்போகிறார்கள். ஸ்டேஷனுக்காக ஏழு வருடம் உழைத்திருக்கிறேன். இதை நான் யாரிடம் சொல்வது?"

பத்தொன்பது வயதில் ஒரு சின்ன அடிதடி வழக்கில் மாட்டினாராம். ஓர் இன்ஸ்பெக்டர் வழக்கிலிருந்து இவர் பெயரை விட்டுவிட்டு, அவ்வப்போது வந்து பேசச் சொன்னார். அப்படித்தான் தொடங்கியது. கைக்குக் கிடைத்தது எப்போதாவது ஐந்நூறு ரூபாய். அந்த இன்ஸ்பெக்டருக்கு மட்டுமே இவர் யார் என்று தெரியும், எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு இவர் பட்டியலில் உள்ள இன்னொரு ரவுடி. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டத்தில் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். தடுப்புக் காவலைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுமத்தில் "நான் இன்பார்மர்" என்று இவர் வாய் திறந்தால், அதே செய்தி புழல் சிறைக்குள் இவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். நான் கடைசிவரை அதைச் சொல்லாமல்தான் வாதாடினேன்.

அவரிடம் ஒருமுறை கேட்டேன், "கொலை செய்தவன் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" கொலையைப் பற்றி யாரிடமும் அவர் கேட்டதே இல்லையாம். "கேட்டால் செத்தேன் சார். யார் இல்லை என்று மட்டும் பார்ப்பேன்." கேரம் கிளப்பில் தினமும் உட்கார்பவன் மூன்று நாளாக வரவில்லை. சந்து முனையில் நிற்கும் பைக் இல்லை. எப்போதும் கடன் சொல்லும் ஒருவனின் அம்மா மளிகைக் கடையில் பாக்கியை மொத்தமாகக் கொடுக்கிறார். ஒருவன் திடீரென்று சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கிறான். இவ்வளவுதான் அவர் கொடுத்த தகவல். அதை வைத்துக்கொண்டு செல்போன் கோபுரப் பதிவு, தெருக் கண்காணிப்பு கேமரா, வண்டி எண் என்று போலீஸ் தன் வேலையைத் தொடங்கும். நீதிமன்றத்துக்கு வருவது அந்த இரண்டாவது பகுதி மட்டும். தகவல் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது, சாட்சியச் சட்டமே தடுக்கிறது. எதிர்த்தரப்பில் நின்று பலமுறை எரிச்சல்பட்ட பிரிவு அது. அந்த இரவுக்குப் பிறகு எரிச்சல்பட்டதில்லை.

உள்ளே இருந்தவனைச் சாட்சியாகவே கொண்டுவர வேண்டுமானால் அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய கூட்டாளி ஆக்க வேண்டும். நீதிமன்றம் நிபந்தனையோடு மன்னிப்பு வழங்கும். உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை சிறையிலேயே இருக்க வேண்டும். அவன் காட்டிக்கொடுத்தவர்களும் அநேகமாக அதே புழலில்தான் இருப்பார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. இடம் மாற்றுவது, அடையாளம் மாற்றுவதுகூட அதில் இருக்கிறது. ஆனால் காசிமேட்டில் பிறந்தவன் எங்கே போய் ஒளிவான்? அவன் தங்கை, அவன் பாட்டி, அவன் படகு எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

நாவலில் போலீஸ்காரரையே உள்ளே அனுப்பத்தான் வேண்டும் என்றால், அந்தத் தெருவில் பிறந்து, காவலர் தேர்வில் தேறி, இன்னும் சீருடையோடு யார் கண்ணிலும் படாத இளைஞனை அனுப்புங்கள். ஆயா இறந்துவிட்டார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும், ஒருவேளை அது அவன் ஆயாவாகவே இருக்கும். அவன் காட்டிக்கொடுக்கப்போவது கூடப் படித்தவனை. கொலையாளி அவனிடம் ஒப்புக்கொள்ளும் காட்சியை எழுதுங்கள். அடுத்த காட்சியில், அதைச் சொல்ல அவன் கூண்டில் ஏறும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து 23ஆவது பிரிவைப் படிக்கட்டும்.

அந்த ஐஸ் தொழிலாளியின் தடுப்புக் காவல் ஒரு நடைமுறைப் பிழையால் ரத்தானது. வெளியே வந்த மறுவாரம் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். போகும்போது என் அலுவலகக் கதவிடுக்கில் ஒரு காகிதப் பொட்டலம் செருகியிருந்தார். உள்ளே ஃபீஸ் பாக்கி ஆயிரத்து இருநூறு ரூபாய் இருந்தது, பெயர் எழுதவில்லை.